பத்தாவது மெத்தை

நடுரூம் அக்காவுக்கு ஆட்களை எண்ணாமல் இருக்கத் தெரியாது. பேருந்தில் ஏறினால் முன்பக்கம் எத்தனை தலை, பின்பக்கம் எத்தனை தலை என்று எண்ணிவிட்டுத்தான் உட்காருவார். வங்கி வரிசையிலும் எண்ணுவார். ஒருமுறை பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, காத்திருந்த ஏழு பேரில் ஒருவரைக் காணோம் என்று வாசல்வரை தேடிப் போயிருக்கிறார். அந்த மனிதர் வெளியே நின்று ஃபோன் பேசிக்கொண்டிருந்தாராம். "உள்ள வந்து உக்காருங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றதும் அவரும் பேச்சை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். அறுபது வயது ஆள். அக்காவின் குரலுக்கு அப்படி ஒரு ராசி.

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் மூன்று அறைகள். வாசலை ஒட்டியது தவழும் குழந்தைகளுக்கு. கடைசி அறை நான்கு வயதுப் பெரிய மனிதர்களுக்கு. நடுவில் இருப்பது இரண்டு வயதுக்காரர்களின் அறை. நடக்கத் தெரியும், நிற்கத் தெரியாது. பேசத் தெரியும், கேட்கத் தெரியாது. அப்படி ஒன்பது பேர். அந்த அறையைப் பத்தொன்பது வருடமாக நடத்துகிறவர் என்பதால் அவருக்கு நடுரூம் அக்கா என்றே பெயர் நின்றுவிட்டது. என் வேலை அலுவலகத்தில். கதவைத் திறப்பது, ஃபோனை எடுப்பது, படிவங்களை நிரப்புவது, எல்லோர்மேலும் எரிந்து விழுவது. கடைசியாகச் சொன்னது வேலை உத்தரவில் கிடையாது, நானாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

அக்கா இந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டு வந்தவர் இல்லை. தன் மகனைச் சேர்க்க வந்தவர். மகன் அம்மாவின் புடவையை விடவில்லை, ஊரைக் கூட்டிக் கத்தினான். சரி, பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போவோம் என்று தரையில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இன்னொன்று அழுதது, அதை மடியில் போட்டுக்கொண்டார். மூன்றாவது ஒன்று தானாக வந்து முதுகில் சாய்ந்தது. மதியம் பார்த்தால் அறையில் அத்தனை பேரும் தூக்கம், அக்கா நடுவில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கால் மரத்துப் போய்விட்டதாம். முதலாளியம்மா கதவருகே நின்று, "நாளைக்கும் வர்றீங்களா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் வந்தவர்தான். அந்த மகன் இப்போது வேறு ஊரில் ஃபோன் பழுது பார்க்கிறான். புடவையை விட்டுவிட்டான்.

இப்படி எல்லாம் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்தபோது, அரசாங்கக் கடிதம் ஒன்று வந்து என் மேஜையில் விழுந்தது. பதினோரு வாரம் கழித்து வரும் ஒன்றாம் தேதி முதல், ஒவ்வொரு அறைக்கும் குழந்தைப் பராமரிப்பில் சான்றிதழ் பெற்ற ஒருவர்தான் பொறுப்பாக இருக்க வேண்டும். அனுபவம் கணக்கில் வராது. வாசல் அறைப் பெண் படித்துவிட்டு வந்தவள். கடைசி அறை டீச்சரிடம் இரண்டு சான்றிதழ் இருக்கிறது. நடு அறையில் இருந்தது அக்காவும் ஓர் உதவிப் பெண்ணும்தான், இரண்டு பேரிடமும் சான்றிதழ் கிடையாது.

முதலாளியம்மா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். "சட்டம்னா கேட்டுத்தானே ஆகணும்? சர்டிபிகேட் இருக்கற ஒரு பொண்ண பாத்து வெச்சிருக்கேன். உங்கள எங்கயும் அனுப்ப மாட்டேங்க்கா. அதே ரூம்ல உதவிக்கு இருங்க. அந்தப் பொண்ணு சொல்றபடி செஞ்சா போதும்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அக்கா "சரிங்க" என்று எழுந்து போய்விட்டார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். துவைத்து வந்த நாற்பது துண்டுகளையும் மடித்தார். எல்லாவற்றையும் பிரித்தார். மறுபடி மடித்தார். எனக்கு வழக்கம்போல் கோபம் வந்தது.

"நீங்க ஏன் அந்த சர்டிபிகேட்ட வாங்கக் கூடாது?"

"நானா? பத்தாவதுல ரெண்டு தடவ கோட்ட விட்டவ நான். கேள்வித்தாள பாத்தாலே எனக்கு வயித்த கலக்கும்."

"கலக்கட்டும். பாத்ரூம் பக்கத்துலதான் இருக்கு."

அவசரத்தில் சொன்னேனே தவிர எனக்கும் வழி தெரியாது. சாதாரணமாக அந்தப் படிப்பு ஒரு வருடம். நான்கு நாள் ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் விசாரித்ததில் ஒரு குறுக்கு வழி அகப்பட்டது. குறுக்கு வழி என்றால் திருட்டு வழி இல்லை. பத்து வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கென்று வைத்திருந்த வழி. எட்டுச் சனிக்கிழமை வகுப்பு, குழந்தைகளைக் கவனித்து எழுதிய பன்னிரண்டு குறிப்புகள் கொண்ட ஒரு கோப்பு, ஒரு எழுத்துத் தேர்வு, கடைசியாக மதிப்பீட்டாளர் ஒருவர் அறைக்கே வந்து இரண்டு மணி நேரம் பார்ப்பார். எல்லாம் சேர்த்துப் பத்து வாரத்தில் முடிக்கலாம். அக்கா யோசித்துச் சொல்கிறேன் என்று வீட்டுக்குப் போனார். அவருடைய கணவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அங்கே நடந்ததை அக்காவே வந்து சொன்னார்.

"லைசென்ஸ் இல்லாம நான் ஒரு நாள் வண்டிய எடுத்தா என்ன ஆவும்?" என்று கேட்டாராம் அவர்.

"அது பஸ்ஸு. இது புள்ளைங்க."

"அதத்தான் நானும் சொல்றேன். பஸ்ஸுக்கே கேக்கறான்."

அந்த நிமிடம்வரை அந்தக் கடிதத்தை எழுதியவர்களை நான் மனதுக்குள் திட்டாத திட்டு இல்லை. மனுஷன் ஒரே வரியில் என் வாயை அடைத்துவிட்டார்.

அன்றிலிருந்து காப்பகத்தில் எங்கே திரும்பினாலும் பாடம்தான். டயபர் மாற்றும் மேஜைக்கு மேலே, கண்ணுக்கு நேராக, கை கழுவும் ஆறு படிகள். குளிர்சாதனப் பெட்டியில் குழந்தை வளர்ச்சியின் கட்டங்கள். அக்கா பாட்டிலைக் கழுவுவார், நான் பக்கத்தில் நின்று கேள்வி கேட்பேன். தப்பாகச் சொன்னால் எரிந்து விழுவேன். சரியாகச் சொன்னால் அடுத்த கேள்விக்குப் போவேன். பாராட்டுவது எனக்கு வராது. ஆனால் வேலை சம்பந்தமாக எதைக் கேட்டாலும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததற்குப் பெயர் வைக்கத்தான் தெரியவில்லை. "கடிக்கற புள்ளைய எப்படிச் சமாளிப்பீங்க?" என்று கேட்டால் பாடத்தில் இருப்பதைவிட நன்றாகச் சொல்வார். அதைப் பாடத்தில் என்னவென்று சொல்கிறார்கள் என்று கேட்டால் பாட்டிலை இன்னும் வேகமாகத் தேய்ப்பார்.

பெரிய தலைவலி அந்தக் குறிப்புகள்தான். குழந்தையின் பெயரை எழுதக் கூடாது, உடையை வைத்துக் குறிப்பிட வேண்டும். கண்ணால் பார்த்ததைத்தான் எழுத வேண்டும், நினைத்ததை எழுதக் கூடாது. அக்காவின் முதல் குறிப்பு இது: "சிவப்புச் சட்டை இன்றும் வில்லத்தனம் செய்தான்."

"வில்லத்தனம்னு எழுதக் கூடாதுக்கா. பாத்தத எழுதுங்க."

"வில்லத்தனத்தத்தான் பாத்தேன்."

"அது உங்க அபிப்பிராயம்."

"அபிப்பிராயமா? வந்து பாருங்க, உங்க தலையிலயும் தண்ணி ஊத்துவான்!"

மூன்று நாள் இழுபறிக்குப் பிறகு நான்காவது நாள் ஒரு தாளை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். "காலை 10.10. சிவப்புச் சட்டை குவளைத் தண்ணீரைத் தன் தலையில் கவிழ்த்தான். சிரித்தான். என்னைப் பார்த்தான். நான் சிரிக்கவில்லை. குவளையைத் தேடி எடுத்து வந்தான். நிரப்பித் தரும்படி நீட்டினான்." படித்துவிட்டு நான் வெகுநேரம் சிரித்தேன். பையன் அப்படியே கண்முன்னே நின்றான், சிவப்புச் சட்டை என்றே அவனுக்குப் பெயரும் நின்றுவிட்டது. வில்லத்தனம் என்ற சொல் எங்கேயும் இல்லை, ஆனால் வில்லத்தனம் முழுக்க இருந்தது.

அதன் பிறகு அக்காவுக்கு அது ஒரு பித்தாகவே ஆகிவிட்டது. வீட்டிலும் எழுத ஆரம்பித்தார். பயிற்சிக்கு என்று ஒரு தாளைக் காட்டினார்: "மாலை 6.40. நீலச் சட்டை வீட்டுக்குள் வந்தார். பையை நாற்காலியில் வைத்தார். நாற்காலி பைக்கு உரிய இடம் இல்லை." கடைசி வரி அபிப்பிராயம் என்று அடித்துக் கொடுத்தேன். நீலச் சட்டைக்காரர், தன்னை யாரோ கவனித்துக்கொண்டே இருப்பது போலிருக்கிறது என்று மகனுக்கு ஃபோன் போட்டுப் புலம்பினாராம்.

எழுத்துத் தேர்வு ஒன்பதாவது வாரம் நடந்தது. வெளியே நான் காத்திருந்தேன். அக்கா வந்ததும் முதலில் கழிப்பறைக்குப் போனார், பிறகு வந்து, "உள்ள முப்பத்தொரு பேர். மூணு பேர் பாதியிலயே எழுந்து போயிட்டாங்க" என்றார். ஐந்து நாள் கழித்து முடிவு வந்தது. நூற்றுக்கு எழுபத்து நான்கு. நான் அக்காவைக் கட்டிப் பிடித்துவிட்டேன். இதை அலுவலகத்தில் வேறு யாரும் பார்க்கவில்லை என்று நம்புகிறேன்.

இனி பாக்கி மதிப்பீட்டாளர் வருவது மட்டும்தான். புதுச் சட்டத்தால் எல்லாக் காப்பகமும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டதில் அவர்களுக்கு மூச்சுவிட நேரமில்லை. கெஞ்சிக் கூத்தாடி ஒரு வியாழக்கிழமை வாங்கினேன். திங்கட்கிழமை ஒன்றாம் தேதி. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அந்தப் புதுப் பெண்ணுக்குப் பதில் சொல்வதாக முதலாளியம்மா வாக்குக் கொடுத்திருந்தார். அக்காவின் அறை யாருடையது என்பது அந்த இரண்டு மணி நேரத்தில் இருந்தது.

வியாழன் காலை பதினொன்றே முக்காலுக்கு மதிப்பீட்டாளர் வந்தார். முப்பது வயதைத் தாண்டிய பெண். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஏழு பக்கப் படிவம். சிரிக்கக் கூடாது என்று அவர்களுக்கும் ஒரு விதி இருக்கும் போலிருக்கிறது. கைப்பையை என் மேஜையிலேயே வைத்துவிட்டு நடு அறைக்குள் போனார். "நான் இங்க இருக்கறதாவே நெனைக்காதீங்க. எப்பவும் என்ன செய்வீங்களோ அதையே செய்ங்க" என்று அக்காவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு. அலுவலக வேலையெல்லாம் கிடக்கட்டும் என்று நான் அங்கேயே ஒட்டிக்கொண்டேன். சாப்பாடு அருமையாக முடிந்தது. கை கழுவுவது ஆறு படியும் அச்சுப் பிசகாமல் நடந்தது. சிவப்புச் சட்டைகூடத் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றாமல் காலில் மட்டும் ஊற்றிக்கொண்டான். மதிப்பீட்டாளர் எழுதிக்கொண்டே இருந்தார், பக்கம் புரண்டது.

பன்னிரண்டரைக்குத் தூக்க நேரம். உதவிப் பெண் சாப்பிடப் போய்விட்டாள். திரையை இழுத்துவிட்டு ஒன்பது மெத்தைகளை அக்கா விரித்தார். ஒருவரின் தலை இருக்கும் பக்கம் அடுத்தவரின் கால் வரும்படிதான் விரிப்பார், இல்லாவிட்டால் இரண்டும் முகத்தோடு முகம் வைத்துப் பேச ஆரம்பித்துவிடும். சுவரோரம் பத்தாவதாக ஒரு மெத்தை எப்போதும் இருக்கும். யாராவது நனைத்துவிட்டால் மாற்றிக்கொள்ள அது.

அந்த அறையில் அந்த நேரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. பெரியவர்கள் யாரும் நிற்கக் கூடாது. நின்றால் குழந்தைகள் நிமிர்ந்து பார்க்கும், பார்த்தால் எழும். முதலாளியம்மாவே ஆனாலும் உட்கார்ந்தாக வேண்டும். "கீழ உக்காருங்க மேடம்" என்றார் அக்கா, பல் மருத்துவரிடம் காத்திருந்தவரிடம் பேசிய அதே குரலில். மதிப்பீட்டாளர் சுற்றிப் பார்த்தார். காலியாக இருந்தது பத்தாவது மெத்தைதான். அதில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்தார்.

அக்கா இரண்டு மெத்தைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு முதுகில் ஒரு கை, அடுத்த முதுகில் ஒரு கை வைத்துத் தட்ட ஆரம்பித்தார். வாயை மூடியபடி ஒரு ராகம். அதில் சொல் கிடையாது, தொடக்கமும் முடிவும் கிடையாது. தட்டும் வேகம் மெல்ல மெல்லக் குறையும். எத்தனையோ மதியம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றே எனக்குக் கொட்டாவி வந்திருக்கிறது. இரண்டு குழந்தைகள் விழுந்தன. நான்கு விழுந்தன. ஏழு. மதிப்பீட்டாளரின் பேனா நின்றது. தாடை இறங்கியது. பத்தாவது மெத்தையும் விழுந்தது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கண்ணாடி வழியாக அக்காவைப் பார்த்து, எழுப்புங்கள், எழுப்புங்கள் என்று சைகை காட்டினேன். அக்கா உதட்டில் விரலை வைத்தார். கதவைத் திறந்து உள்ளே போகலாம் என்றால் அந்தக் கதவு கிரீச்சென்று அழும், ஒன்பதும் எழுந்துவிடும். மதிப்பீட்டாளரின் ஃபோனுக்கு அடித்தாவது எழுப்பலாம் என்று அலுவலகத்துக்கு ஓடி எண்ணை அழுத்தினேன். என் மேஜையில் இருந்த அவருடைய கைப்பை பாடியது.

திரும்பி ஓடி வந்தபோது அக்கா மதிப்பீட்டாளரின் விரலிலிருந்து பேனாவைப் பக்குவமாக உருவி உயரத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். கூர்மையான பொருளோடு யாரும் தூங்கக் கூடாது. பிறகு ஒரு சின்னப் போர்வையை எடுத்துப் போர்த்தினார். அது மார்புவரைக்கும்கூட எட்டவில்லை. பிறகு சுவரில் தொங்கும் தூக்கத் தாளை எடுத்து என்னவோ எழுதினார். நான் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன்.

முதலில் எழுவது எப்போதும் சிவப்புச் சட்டைதான். எழுந்தான், அறையைப் பார்த்தான், புதிதாக ஒரு ஆள் படுத்திருப்பதைக் கண்டுபிடித்தான். தன் ஷூ ஒன்றைத் தேடி எடுத்துவந்து அந்த ஆளின் வயிற்றின்மேல் வைத்து, "போடு" என்றான். மதிப்பீட்டாளர் கண்ணைத் திறந்தார்.

அலுவலகத்தில் நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அவர் முகம் சிவந்து போயிருந்தது. "எவ்ளோ நேரம்?" என்றார்.

"நாப்பத்தொம்பது நிமிஷம் மேடம்" என்றார் அக்கா.

"ஏன் எழுப்பல?"

"எப்பவும் செய்யறதையே செய்யச் சொன்னீங்க. தூங்கறவங்கள எழுப்பற வழக்கம் இங்க இல்ல மேடம்."

அவர் படிவத்தைப் புரட்டினார். நான்காம் பக்கம் முழுக்க வெறுமை. "தூக்க நேரத்த நான் பாக்கல. பாக்காதத எழுதவும் முடியாது. மறுபடி வரணும்னா அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதிதான் காலி" என்றார். அவருக்கும் அது கஷ்டமாகத்தான் இருந்தது, குரலில் தெரிந்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அந்த ஒரு பக்கத்த நெரப்பிட்டா யாருக்குத் தெரியப் போவுது? நீங்க தூங்கினதையும் நாங்க சொல்ல மாட்டோம்" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது மிரட்டல் மாதிரி ஒலித்தது எனக்கே உறைத்தது. இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

"வேணாம்" என்றார் அக்கா. என்னைத்தான் பார்த்துச் சொன்னார். "கண்ணால பாத்தத மட்டும் எழுதுன்னு பத்து வாரமா என் மண்டையில ஏத்தினது யாரு? எனக்கு ஒரு சட்டம், மேடத்துக்கு ஒரு சட்டமா?"

தன் அறை தன் கையைவிட்டுப் போகிறது என்று தெரிந்துதான் சொன்னார். எனக்கு அழுகை வந்தது. மதிப்பீட்டாளர் படிவத்தை மூடிவிட்டு, "தூக்கத் தாளையாவது குடுங்க. கோப்போட வெக்கணும்" என்றார்.

அக்கா தயங்கினார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். கை பழக்கம்" என்று நீட்டினார்.

அறையில் யார் தூங்கினாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்து அந்தத் தாளில் எழுத வேண்டும். ஒன்பது குழந்தைகளுக்கு ஒன்பது வரிகள் இருந்தன. அதற்குக் கீழே, அதே கையெழுத்தில், அதே ஒழுங்கில் இன்னொரு வரி:

"10. வெள்ளைச் சட்டை. 12.52 தூங்கினார். பேனா அகற்றப்பட்டது. 1.02 மூச்சு சீர். 1.12 மூச்சு சீர். கழுத்து சாய்ந்தது, தலையணை வைக்கப்பட்டது. 1.22 இடப்பக்கம் திரும்பினார். போர்வை சரிசெய்யப்பட்டது. 1.32 மூச்சு சீர். 1.41 விழித்தார். அழவில்லை."

அந்த "அழவில்லை"யைப் படித்துவிட்டு அவர் அழுதார். அக்கா யோசிக்காமல் மடியில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து அவர் மூக்கருகே கொண்டுபோய், "ம், சிந்துங்க" என்றார். அடுத்த நொடி யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்து நாக்கைக் கடித்துக்கொண்டார். மூன்று பேரும் சிரித்துவிட்டோம். வீட்டில் ஏழு மாதக் குழந்தை இருக்கிறதாம். தொடர்ச்சியாக ஒரு மணி நேரம்கூட விடுவதில்லையாம். "இப்படி நான் தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?" என்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பழைய முகத்துக்கு வந்தார். "நாளைக்கு முழுக்க வேற இடங்கள். சாப்பாட்டு நேரம் என்னோடது. பன்னெண்டரைக்கு வரேன். ஆனா நான் முழிச்சிருந்து பாத்தாத்தான் எழுதுவேன்."

வெள்ளிக்கிழமை வந்தார். நான் காபியைக் கெட்டியாகப் போட்டு வைத்திருந்தேன். சூடான எதுவும் குழந்தைகள் அறைக்குள் போகக் கூடாது என்பதால் வாசலிலேயே நின்று இரண்டு கோப்பை குடித்துவிட்டு உள்ளே போனார். இந்த முறை மெத்தை பக்கமே போகவில்லை. குழந்தைகளின் குட்டி நாற்காலியில், முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார்.

திரை விழுந்தது, ராகம் தொடங்கியது. இரண்டு கோப்பைக் காபி எட்டு நிமிடம் தாங்கியது. அதற்கப்புறம் அவர் தலை ஆட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து நான் அதைப் பார்த்துவிட்டேன். அக்காவும் பார்த்துவிட்டார். ராகத்தை நிறுத்தினால் குழந்தைகள் எழும். தொடர்ந்தால் மதிப்பீட்டாளர் விழுவார். ஒன்பது பேரைத் தூங்க வைத்து ஒருத்தரை மட்டும் விழித்திருக்க வைக்க எந்தப் பாடத்திலும் சொல்லிக் கொடுக்கவில்லை. எட்டுச் சனிக்கிழமை வகுப்பிலும் அது கிடையாது.

அக்கா ராகத்தை விடாமலே எழுந்தார். மெத்தையில் கால்மேல் கால் போட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சிவப்புச் சட்டையை அள்ளி எடுத்தார். கொண்டுபோய் மதிப்பீட்டாளரின் மடியில் உட்கார வைத்தார். திரும்பி வந்து அதே இடத்தில், அதே தாளத்தில் தட்ட ஆரம்பித்தார்.

அதன்பிறகு அந்த மனுஷிக்குத் தூக்கம் எங்கே வரும்? அடையாள அட்டையை இழுத்தான். காதுக்குள் விரலை விட்டுப் பார்த்தான். வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைத் தொட்டுத் தொட்டு எண்ணினான், அறையின் பழக்கம் அவனுக்கும் ஒட்டியிருந்தது. ஒரு கையால் அவனை அணைத்துக்கொண்டு மறு கையால் அவர் நான்காம் பக்கத்தை எழுதினார். மற்ற எட்டும் அடித்துப் போட்டது போல் தூங்கின. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அக்கா எழுந்து ஒவ்வொரு மூச்சாகப் பார்த்து, எழுதி, திரும்பினார். ஒன்றரை மணிக்கு மதிப்பீட்டாளர் கடைசிப் பக்கத்தில் தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான்காம் பக்கத்தின் ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை நெளிநெளியாக ஒரு கோடு இருந்தது. அது சிவப்புச் சட்டையின் கையெழுத்து.

முதலாளியம்மா ஐந்து மணிவரை காத்திருக்கவில்லை. மூன்று மணிக்கே அந்தப் பெண்ணுக்கு ஃபோன் செய்து வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். நான் போய்ச் சொன்னபோது அக்கா டயபர் மாற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப திங்கக்கிழமை நான்...?"

"எப்பவும் போல வாங்க. உங்க ரூமுக்கு."

கையில் இருந்த வேலையை முடித்தார், குழந்தையை இறக்கிவிட்டார், கை கழுவினார், ஆறு படியும். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி நின்று ஓவென்று அழுதார். ஒன்பது பேரும் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். சிவப்புச் சட்டை போய் ஒரு ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தான். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் ஒன்றே ஒன்று என்றால் இதுதான் என்று அந்த நிமிடம் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சான்றிதழை ஓட்டுநர்தான் சட்டம் போட்டு வீட்டில் மாட்டினார், தன் லைசென்ஸின் நகலுக்குப் பக்கத்தில். மறுநாள் அக்கா ஒரு குறிப்பு கொண்டுவந்தார்: "மாலை 7.05. நீலச் சட்டை சான்றிதழைச் சுவரில் மாட்டினார். பத்து நிமிடம் நின்று பார்த்தார். சான்றிதழ் கோணலாக இருக்கிறது." கோணல் கண்ணால் பார்த்தது என்பதால் அதை நான் அடிக்கவில்லை.

இது நடந்து ஒன்றரை வருடம் இருக்கும். சிவப்புச் சட்டை கடைசி அறைக்குப் போய், அங்கே உள்ள டீச்சரின் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தான். ஒரு காலை, வாசல் மணி அடித்துத் திறந்தால் மதிப்பீட்டாளர் நிற்கிறார். இப்போது வேறு பகுதிக்கு மாற்றலாகிவிட்டாராம், எங்கள் பக்கம் அவருக்கு வேலை இல்லை. கையில் படிவம் இல்லை, இரண்டு வயதுப் பெண் குழந்தை இருந்தது. அது அம்மாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தது.

"ரொம்ப நேரம் அழுவா. நான் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.

"கொஞ்ச நேரம் இருக்கறேன்னு வந்தவங்கதான் உள்ள ரூம நடத்தறாங்க. பாத்து உக்காருங்க" என்றேன்.

அக்கா வெளியே வந்தார். குழந்தையை எண்ணினார், அம்மாவை எண்ணினார், இரண்டு பேரையும் உள்ளே கூட்டிப் போனார். நான் சேர்க்கைப் படிவத்தைச் சரிபார்த்தேன். எல்லாக் கட்டமும் அழகாக, அரசாங்கக் கையெழுத்தில் நிரம்பியிருந்தது. கடைசிக் கேள்வி, எங்கள் காப்பகத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பது. பெரும்பாலானவர்கள் அதில் வீட்டுக்குப் பக்கம் என்று எழுதுவார்கள். அவர் எழுதியிருந்தது இது:

"நான் அங்கே தூங்கியிருக்கிறேன்."